கையுறை மாட்டி உருட்டிய கறி உருண்டை

இரண்டு கையிலும் வெள்ளை ரப்பர் உறை. எதிரே அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் கொத்துக்கறி. பின்கட்டு வாசலில் என் மனைவி வசந்தா, பரீட்சை ஹாலுக்குள் நுழைந்த பறக்கும் படை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"ஏனுங்க, மணிக்கட்டுகிட்ட உறை சுருண்டிருக்குது. இழுத்து விடுங்க. பட்டுப்போடும்."

இழுத்துவிட்டேன்.

"வேர்வையத் தொடைக்கறேன்னு அந்தக் கையோட மூஞ்சியத் தொட்டுப்போடாதீங்க."

தொடவில்லை. மூக்கு நுனியில் ஒரு சொட்டு வேர்வை நின்றுகொண்டு விழலாமா வேண்டாமா என்று யோசித்தது. வெளியே மழை விட்டும் விடாத ஞாயிற்றுக்கிழமை. யாராவது அப்போது உள்ளே வந்திருந்தால் நான் ஆட்டுக்கு ஆபரேஷன் செய்கிறேன், அதுவும் ரொம்பத் தாமதமாகச் செய்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

நான் செய்துகொண்டிருந்தது இனிப்பும் புளிப்புமான கறி உருண்டை. என் மகள் நிவேதாவின் பாஷையில் ஸ்வீட் அண்ட் சவர் மீட்பால். மத்தியானம் அதைத் தூக்கிக்கொண்டு, அவள் கட்டிக்கொள்ள ஆசைப்படும் பையனின் வீட்டுக்குப் போகவேண்டும். பையனின் அம்மா இந்தச் சம்பந்தத்துக்கு இன்னும் சரியென்று சொல்லவில்லை. இல்லையென்றும் சொல்லவில்லை. 'பாக்கலாங்க' என்று மட்டும் சொல்லியிருந்தார்.

அந்த ஒரு வார்த்தை என்னை என்ன பாடு படுத்தியது என்பதையும், சொந்தச் சமையல்கட்டில் நான் ஏன் கையுறையோடு நின்றேன் என்பதையும் சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். போன வாரம் அப்படிப் பின்னால் போனவன் திரும்பி வரவே இல்லை என்று ஒரு வாசகர் போன் போட்டுக் குறைப்பட்டார். இந்த வாரம் வந்துவிடுவேன்.

மூக்கால் பிழைக்கிறவன்

கணபதியில் எனக்கு மோட்டார் காயில் கட்டுகிற பட்டறை. இந்தத் தொழிலுக்குக் கை எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் சந்தேகம்.

தோட்டத்துக்காரர் ஒருவர் கருகிப்போன மோட்டாரை வண்டியில் போட்டுக்கொண்டு வருவார். "ஒண்ணுமே பண்ணலீங்க. நல்லா ஓடிட்டு இருந்துச்சுங்க. தானா நின்னுபோச்சுங்க" என்பார். மூடியைக் கழற்றி மூக்கை உள்ளே விடுவேன். வார்னிஷ் தீய்ந்த வாடை அடிக்கும். தண்ணீர் வற்றின கிணற்றில் மோட்டாரைப் போட்டுவிட்டு மனிதர் கல்யாண வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று அர்த்தம். சொல்லமாட்டேன். "கரண்ட்டு சரியில்லீங்க" என்று பழியை மின்வாரியத்தின் மேல் போட்டுவிடுவேன். அவருக்கும் சந்தோஷம், எனக்கும் வேலை.

நாளெல்லாம் இப்படிப் பொய்யை மோந்து பார்த்துப் பிழைக்கிறவன் வீட்டுக்கு வந்தால் மட்டும் மூக்கைக் கழற்றி ஆணியில் மாட்டமுடியுமா? பாட்டிலில் வருகிற எதையும் நம்பமாட்டேன். தக்காளி சாஸில் தக்காளி இல்லை என்பது என் கட்சி. வினிகர் என்பது பேட்டரிக்கு ஊற்றுகிற சமாச்சாரம். மனிதர்களில் சிரித்துக்கொண்டே வருகிறவர்களை நம்பமாட்டேன். எங்கள் பக்கத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் வருவார்கள்.

எங்கள் ஊர்ப் பேச்சில் 'இல்லை' என்ற சொல்லுக்குப் புழக்கம் கம்மி. பெண் கேட்டாலும் சரி, ஒரு அவசரத்துக்கு வண்டி கேட்டாலும் சரி, "பாக்கலாங்க" என்பார்கள். கொஞ்சம் நெருக்கமானவர் என்றால் "சொல்றேனுங்க". வெளியூர்க்காரர் அதைக் கேட்டுவிட்டு மாசக்கணக்கில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளூர்க்காரன் அன்றைக்கே வேறு இடம் பார்க்கப் போய்விடுவான்.

ஒரு சாயங்காலம் நிவேதா டீ டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, கூடவே ஜெரின் என்ற பெயரையும் கொடுத்தாள். சரவணம்பட்டியில் அவளோடு ஒரே கம்பெனியில் வேலை. கிறிஸ்தவப் பையன்.

நான் கோபப்படவில்லை. பயந்துபோனேன். பயந்தால் எனக்குச் சந்தேகம் வரும். மறுநாளே அவர்கள் ஆபீசுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் தொப்பி வைத்துக்கொண்டு நின்றேன். அதுவரை தொப்பியே வைக்காதவன் தொப்பி வைத்தால் ஊரில் அவன் ஒருவன்தான் கண்ணில் படுவான் என்பது தெரியவில்லை. பையன் நேரே என்னிடம் வந்தான்.

"அங்கிள், வடைய மட்டும் எடுத்துடாதீங்க. இந்தக் கடையில வடை நல்லாருக்காதுங்க."

நல்லாருக்காது. அந்தச் சொல்லை ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் முகத்துக்கு நேரே சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். பையனைப் பிடித்துப்போய்விட்டது.

தொடமாட்டேன் என்ற சொல்

பையனைப் பிடித்ததும் பயம் இரண்டு மடங்காகியது. இப்போது இது நடக்காமல் போய்விட்டால்? வசந்தாவையும் கூட்டிக்கொண்டு நேரே பழனிக்குப் போனேன். சந்நிதியில் பின்னால் நின்றவர் தள்ளுகிறார். யோசிக்க நேரமில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"முருகா, இந்தக் கல்யாணம் முடிவாகற வரைக்கும் கறி தொடமாட்டேன்."

மீனுக்கும் முட்டைக்கும் விலக்கு கேட்டிருக்கலாம். அதற்குள் படி இறங்கியாகிவிட்டது.

வசந்தா பிறந்ததிலிருந்து கறி சாப்பிடாதவள். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கறி என் இலாகா. பின்கட்டில் எனக்கென்று தனி அடுப்பு, தனிப் பாத்திரம். வேண்டுதலைச் சொன்னபோது அவள் பக்கத்தில் நின்றாள். அவளுக்குக் காது கூர்மை.

இது நடந்து கொஞ்ச நாளில் ஜெரின் வீட்டுக்குப் போனோம். சுங்கம் பக்கம், வாசலில் பன்னீர் மரம் நிற்கிற வீடு. அப்பா அந்தோணி சார் மில்லில் இருந்து ஓய்வு பெற்றவர், எதற்கும் புன்னகை. அம்மா ஸ்டெல்லா டீச்சர். எதற்கும் ஒரு பார்வை. உட்கார்ந்ததும் காப்பியோடு ஒரு தட்டை என் முன்னால் வைத்தார். மட்டன் கட்லெட். பொரித்த சூடு ஆறாமல், விளிம்பெல்லாம் ரொட்டித் தூள் பொன் நிறத்தில்.

நான் கட்லெட்டைப் பார்த்தேன். கட்லெட் என்னைப் பார்த்தது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'உங்க சம்பந்தம் அமையோணும்னு வேண்டியிருக்கேன்' என்று எப்படிச் சொல்வது? பெண்ணைத் தள்ளிவிட அலைகிறான் என்று நினைத்துவிட்டால்? ஆகவே மரியாதையாக ஒரு பொய் சொன்னேன்.

"வயிறு சரியில்லீங்க டீச்சர்."

அதற்குப் பிறகு அந்த வயிற்றுக்குள் இரண்டு டம்ளர் காப்பி, மிக்சர், கணிசமான வாழைப்பழம் எல்லாம் போயின. டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தார். வாசல்வரை வந்து வழியனுப்பும்போதுதான் அந்த 'பாக்கலாங்க'.

விருந்துக்குக் கூப்பிட்டுச் சோறு கேட்கிறார்கள்

ஒரு நாள் நிவேதா போனை நீட்டினாள். ஸ்டெல்லா டீச்சர் ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்து எங்களையும் சேர்த்திருந்தார். வருகிற ஞாயிறு அவர்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தவர்கள், நாங்கள். அவரவர் வீட்டில் ஒரு பண்டம் செய்து கொண்டுவர வேண்டும்.

நான் அதை மூன்று தடவை படித்தேன்.

"கண்ணு, விருந்துக்குக் கூப்பிடறாங்களா, சாப்பாடு கொண்டாரச் சொல்றாங்களா?"

"ரெண்டுந்தான்ப்பா. பாட்லக். எங்க ஆபீஸ்ல மாசாமாசம் நடக்கும்."

"கூப்பிட்டவங்க என்ன செய்வாங்க?"

"அவங்களும் ஒண்ணு செய்வாங்க."

"அப்பறம் எதுக்கு அங்க போகோணும்? நாம செஞ்சத நாமளே இங்க சாப்பிட்டுக்கலாமே."

நான் இரவும் பகலும் அதையே மோந்து பார்த்தேன். எங்கள் ஊரில் ஒருவரை விருந்துக்கு அழைத்துவிட்டு, வரும்போது குழம்பு கொண்டுவா என்று சொன்னால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோகும். டீச்சருக்கு அது தெரியாதா? அப்படியானால் வேண்டுமென்றே. ஒன்று, நம் வீட்டுக் கைப்பக்குவத்தைப் பார்க்கிறார். அல்லது, உனக்கு நான் அடுப்புப் பற்றவைக்கமாட்டேன் என்று ஜாடையாகச் சொல்கிறார்.

"பரீட்சையேதான் வசந்தா. டீச்சராச்சே."

"நான் எலுமிச்சஞ்சாதம் கிண்டறனுங்க. போய்ட்டு வந்தர்லாம்."

அதற்குள் நிவேதா குரூப்பில் போட்டுவிட்டாள். 'அப்பா: ஸ்வீட் அண்ட் சவர் மீட்பால்.' ஜெரின் பெங்களூரில் இருந்தபோது எங்கோ அதைச் சாப்பிட்டு ருசியில் மயங்கியிருக்கிறான். என் வேண்டுதல் அவளுக்குத் தெரியாது. கொஞ்ச நாளாகக் கறி எடுக்காததற்கு நான் கொலஸ்ட்ரால் என்று சொல்லி வைத்திருந்தேன்.

அவள் அந்தப் பக்கம் போனதும் வசந்தா என்னைப் பார்த்தாள்.

"சாப்பிடமாட்டேன்னு வேண்டலீங்க நீங்க. தொடமாட்டேன்னு வேண்டியிருக்கீங்க. நான் பக்கத்துல நின்னேன்."

"அது பேச்சுக்குச் சொல்றது."

"முருகனுக்கு எப்படித் தெரியும், பேச்சுக்குச் சொன்னதுன்னு?"

மருந்துக்கடையில் கையுறை வாங்கினேன்.

ருசி பார்க்க ஆள் தேவை

ஞாயிறு காலை பாய் கடைக்குப் போனேன். உக்கடத்தில் அவருடைய அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு அதுதான் கடை. பாய் கத்தியைக் கீழே வைத்தார்.

"வாங்க. வழி தெரிஞ்சுதுங்களா?"

"வேல ஜாஸ்திங்க பாய்."

"எனக்குத் தெரியுமுங்க. காந்திபுரத்துல புதுசா ஏசி போட்டுக் கறிக்கடை தொறந்திருக்காங்களாமா. அங்கெல்லாம் ஆடு தானா வந்து படுத்துக்குமுங்களா?"

"சத்தியமா இல்லீங்க."

"செரி, அதுக்கென்னுங்க. எங்க வாங்கினாலும் நல்லாருந்தா செரி." தொடைக்கறியைப் பொடியாகக் கொத்தினார். கொத்தும் சத்தத்தில் நம்பிக்கையே இல்லை. பையை நான் கையுறை மாட்டிக்கொண்டு வாங்கியதைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிப்போனது. நான் அவருடைய கறியைச் சந்தேகப்படுவதாக எடுத்துக்கொண்டார். விளக்கப் போனால் வேண்டுதலைச் சொல்லவேண்டும். பேசாமல் வந்துவிட்டேன்.

அங்கிருந்துதான் நாம் முதலில் பார்த்த பின்கட்டுக்கு வந்து சேர்கிறோம். கொத்துக்கறியில் முட்டையும் ரொட்டித் தூளும் வெங்காயமும் போட்டுப் பிசைந்து, நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, எண்ணெயில் பொரித்தெடுத்தேன். அதுவரைக்கும் கோலா உருண்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி. கை அறிந்த வேலை.

சாறுதான் வேறு ஜாதி. நிவேதா போனில் இருந்த குறிப்பைப் படித்துக்காட்டினாள். பழுப்புச் சர்க்கரை, வினிகர், தக்காளி சாஸ், இஞ்சித் தூள்.

பழுப்புச் சர்க்கரைக்கு நாட்டுச்சர்க்கரை இருக்கிறது. வினிகர் என் வீட்டுப் படி ஏறாது, புளி கரைத்தேன். தக்காளி சாஸை விட்டுவிட்டேன். இஞ்சித் தூள் என்றால் சுக்குத்தானே, போட்டேன். கடைசியில், எனக்கு வாசம் பிடித்துப் பார்க்கலாமே தவிர வாயில் வைக்கமுடியாது என்பதால், கறி வாடை ஏதாவது அடித்துவைக்குமோ என்ற சந்தேகத்தில் ஏலக்காயையும் நுணுக்கித் தூவினேன்.

உருண்டைகளைப் போடுவதற்கு முன்னால் சாறை மட்டும் ஒரு கரண்டி ருசி பார்த்தேன். அருமை. வசந்தாவும் உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். "இன்னொரு வாய் குடுங்க" என்றாள். சமையலில் அவள் என்னிடம் இரண்டாவது வாய் கேட்டது அதுவே முதல் தடவை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. உருண்டைகளை உள்ளே தள்ளிக் கொதிக்கவிட்டேன்.

முழுசாக ருசி பார்க்க மேல்வீட்டு மணியைக் கூப்பிட்டேன். நம் வீட்டில் குடியிருக்கிறவர், பேங்க்கில் வேலை. ஒரு உருண்டையை வாயில் போட்டார். மென்றார். கண் ஒரு தடவை மேலே போய் வந்தது.

"நல்லாத்தானுங்க இருக்குது."

தமிழில் எத்தனையோ கொடூரமான சொற்கள் இருக்கின்றன. 'நல்லா'வுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும் அந்த 'தான்' போல ஒன்று கிடையாது.

"தானுங்கன்னா?"

"நல்லாருக்குதுங்க. எனக்குத்தான் காலைல சாப்பிட்டது இன்னும் செரிக்கல." படியேறிவிட்டார். வாடகைக்கு இருப்பவரிடம் ருசி கேட்டது என் தப்பு.

நிவேதா சாப்பிட்டுப் பார்த்தாள். "வித்தியாசமா இருக்குப்பா" என்றாள். உடனே தலைசீவப் போய்விட்டாள். நேரமாகிவிட்டது. பாத்திரத்தைத் துண்டில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். அவிநாசி ரோட்டு மேம்பாலத் தூண்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போக, மடியில் சூடு ஏறிக்கொண்டே இருந்தது.

என் பாத்திரம் மட்டும்

ஹாலில் நீள மேசை. பிரியாணி, மீன் வறுவல், பல்லடத்திலிருந்து வந்த அவர்கள் சொந்தக்காரர் கொண்டுவந்த நாட்டுக்கோழி, எதிர்வீட்டு அம்மாவின் தயிர்சாதம். நடுவில் என் பாத்திரம்.

டீச்சர் என்னை வரவேற்றார். "வாங்க சார், உக்காருங்க" என்றார். போன தடவை 'வாங்கண்ணா' என்று கூப்பிட்டவர். அண்ணன் எப்போது சார் ஆனேன்?

"கறியெல்லாம் நீங்களே செய்வீங்களாங்க?" என்று கேட்டார்.

நல்ல பேர் வாங்க இதுதான் தருணம் என்று நினைத்தேன். "பின்ன என்னுங்க டீச்சர். ஞாயித்துக்கிழமை ஆனா நம்ம ஊட்டுல கறி இல்லாம இலை விழாதுங்க. சின்ன வயசுலேர்ந்தே எனக்குக் கறின்னா உசுரு."

டீச்சர் தலையை மட்டும் ஆட்டினார். முகம் மூடிக்கொண்டது. ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று மட்டும் தெரிந்தது. என்ன தப்பு என்று தெரியவில்லை. வசந்தா என் முழங்கையை இடித்தாள். அவளுக்கும் ஏனென்று தெரியாது, பொதுவாக இடித்து வைத்தாள்.

எல்லோரும் தட்டை எடுத்தார்கள். நான் தயிர்சாதம் எடுத்தேன், கொஞ்சம் ஊறுகாய். தட்டை நெஞ்சோடு ஒட்டவைத்துக்கொண்டு தூணோரம் நின்று, என் பாத்திரத்தைக் கண்காணித்தேன்.

பல்லடத்துக்காரர் கரண்டியை என் பாத்திரத்தில் விட்டார். நிமிர்ந்து என் தட்டைப் பார்த்தார். தயிர்சாதம். கரண்டியை மெல்ல வெளியே எடுத்துப் பிரியாணிப் பக்கம் போனார். அடுத்து வந்த அம்மாள் ஒரு உருண்டை எடுத்துவைத்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். செய்தவனே சாப்பிடாத பண்டம் ஊருக்கு வந்திருக்கிறது என்றால் யாருக்குத்தான் தொண்டைக்குள் இறங்கும்? எனக்கே இறங்காது.

ஜெரின் மட்டும் தட்டு நிறைய எடுத்துக்கொண்டான். அவனுடைய அம்மா அவனைப் பார்த்த பார்வையில், அவனும் மெதுவாக அசைபோட ஆரம்பித்தான்.

நிவேதா என்னிடம் வந்து கிசுகிசுத்தாள். "அப்பா, நீங்க ஒண்ணு சாப்பிடுங்களேன். எல்லாரும் பாக்கறாங்க."

"கொலஸ்ட்ரால் கண்ணு."

"ஒண்ணே ஒண்ணுப்பா." அவள் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. "ஆன்ட்டிக்கு உங்க மேல என்னமோ வருத்தம். ஜெரின் சொன்னான். இன்னிக்கு எப்படியும் பேசிடுவாங்களாம்."

அந்த நேரம் பார்த்து டீச்சர் மேசைப் பக்கமிருந்து கூப்பிட்டார்.

"சார், சித்த சமையக்கட்டுக்கு வாரீங்களா?"

கை நனைக்கிற விஷயம்

டீச்சர் ஒரு கையில் என் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மேடையில் வைத்தார். முடிந்தது, பாத்திரத்தைக் கையில் கொடுத்தே அனுப்பிவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

"நேராவே கேட்டுப்போடறேனுங்க. எங்க ஊட்டுல கை நனைக்கறதுக்கு உங்களுக்கு என்னங்க சங்கடம்?"

நான் பாத்திரத்தின் மூடியைச் சரிசெய்தேன்.

"அன்னிக்குக் கட்லெட் வெச்சேன். வயிறு செரியில்லீன்னீங்க. அதே வயித்துக்குள்ள மிக்சர் போச்சு, பழம் போச்சு. வயித்துவலின்னு லீவு கேக்கற பசங்களப் பாத்துப் பாத்தே ரிட்டையர் ஆனவ நானு. எனக்குத் தெரியாதுங்களா?"

"டீச்சர், அது வந்து…"

"இருங்க. எங்க அடுப்புல வெந்தது உங்களுக்கு ஆகாதாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. புள்ளைக ரெண்டும் ஆசப்படுதே, என்ன பண்றதுன்னு ரோசிச்சுத்தான் இந்தப் பாட்லக்கே வெச்சனுங்க. அவங்கவங்க பண்டத்த அவங்கவங்க கொண்டாந்தா, யாரும் யாரு ஊட்டுலயும் கை நனைச்சதா ஆகாதுல்லீங்க. உங்களுக்கும் சங்கடமில்ல, எனக்கும் சங்கடமில்ல."

பெண் பார்க்கப் போன வீட்டில், பேச்சு முடிவாகாமல் இலையில் உட்கார்ந்து கை நனைக்கமாட்டோம். அது எங்கள் பக்கத்து வழக்கம், யாருக்கும் அதில் வருத்தமில்லை. ஆனால் வேறு காரணத்துக்காகக் கை நனைக்காதவர்களும் ஊரில் இருக்கிறார்கள். டம்ளரைத் தூக்கிக் குடிக்கிறவர்கள், வாசலோடு பேசிவிட்டுப் போகிறவர்கள். இந்த அம்மா என்னை அந்த வரிசையில் நிறுத்தி வைத்திருக்கிறார் என்று புரிந்ததும் என் காது இரண்டும் சுட்டது. நான் இவர் விருந்துக்குப் பின்னால் சூதை மோந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் எனக்கு நோகாமல் ஒரு விருந்து வைத்திருக்கிறார்.

"நீங்க மட்டும் சைவமா இருப்பீங்களோன்னு கடைசியா ஒரு நம்பிக்க. நீங்களே வந்து, கறின்னா உசுருங்கறீங்க. அப்ப உங்க ஊட்டுல வேகுது, எங்க ஊட்டுல வேகறதுதான் ஆகாது. இன்னிக்குப் பாத்தா நீங்க கொண்டாந்ததையே நீங்க தொடல. எனக்கு இப்ப ஒண்ணும் புரியலீங்க. நான் நெனச்சதுதான் காரணம்னா இல்லைன்னே சொல்லிப்போடுவேன்."

இல்லை என்ற சொல்லையே சொல்லிவிட்டார். இனிமேல் ஒளிக்க என்ன இருக்கிறது? பழனி, சந்நிதி, பின்னால் தள்ளியவர், தொடமாட்டேன் என்ற சொல், கையுறை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

டீச்சர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எதுக்குன்னு வேண்டுனீங்க? இந்தக் கல்யாணம் நிக்கோணும்னா?"

"நடக்கோணும்னுங்க."

அவர் பார்வை என் முகத்தை விட்டுப் பாத்திரத்துக்குப் போனது. ஒரு ஸ்பூன் எடுத்தார். உருண்டையைப் பாதியாக வெட்டி, சாறோடு வாயில் வைத்தார். ஒரு நொடி அசையவில்லை.

"ஏனுங்க, இதுல என்னென்ன போட்டீங்க?"

"நாட்டுச்சர்க்கரைங்க. புளிங்க."

"சுக்கு?"

"போட்டேனுங்க."

"ஏலக்கா?"

"வாடை அடிக்குமோன்னு ஒரு சந்தேகமுங்க."

டீச்சர் ஸ்பூனைக் கீழே வைத்தார். "நான் பொறந்து வளந்தது அவிநாசிங்க. தேர் நோம்பி அன்னிக்கு எங்க பக்கத்து ஊட்டு அக்கா எனக்குன்னு ஒரு சொம்பு தனியா எடுத்து வெச்சிருக்கும். அந்த ருசி எனக்கு மறக்குமுங்களா? இது பானகமுங்க. பானகத்துல கறியப் போட்டுப்போட்டீங்க."

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு வருஷா வருஷம் பட்டறை வாசலில் அண்டா வைத்துப் பானகம் கலக்குகிறவன் நான். கை அதன்பாட்டுக்கு அறிந்ததைச் செய்திருக்கிறது. வசந்தா ஏன் இரண்டாவது வாய் கேட்டாள், மணியின் கண் ஏன் மேலே போனது, எல்லாம் புரிந்தது. முருகனுக்காகக் கறியை விட்டவன், முருகனுக்கு வைக்கிற பானகத்திலேயே கறியை வேகவைத்து, கையுறை போட்டிருந்தேன் என்று வேறு பெருமைப்பட்டிருக்கிறேன்.

டீச்சருக்குச் சிரிப்பு முதலில் மூக்கில் வந்தது. அடக்கப் பார்த்தார். தோள் குலுங்கியது. மேடையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். துடைத்துவிட்டு, மூடி வைத்திருந்த ஒரு ஹாட்பாக்ஸைத் திறந்தார். கட்லெட்.

"காலைலயே போட்டுட்டேனுங்க. மேசைல வெக்கல. மறுக்கா ஒருக்கா வேண்டாம்னு சொல்லிப்போட்டீங்கன்னா தாங்காதுன்னுதான்." ஒரு தட்டில் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"கல்யாணத்துக்குச் சரின்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க டீச்சர். வேண்டுதல் முடிஞ்சுரும். உடனே சாப்பிடறேன்."

"நீங்க சாப்பிடுங்கண்ணா. சொல்றேனுங்க."

சொல்றேனுங்க. அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு இப்போது தெரியும். ஆனால் அண்ணா என்றும் சொல்லிவிட்டார். எதை நம்புவது? வேண்டுதலை முறித்த பிறகு இவர் மறுத்துவிட்டால் சாமியும் போச்சு, சம்பந்தமும் போச்சு. வாசலில் வசந்தா வந்து நின்றிருந்தாள். அவள் தோளுக்குப் பின்னால் நிவேதா, வாய்மேல் கையை வைத்துக்கொண்டு. என் மூக்கு எல்லாப் பக்கமும் மோந்து பார்த்தது. கட்லெட் வாசம் மட்டும்தான் வந்தது.

"வசந்தா?"

"நான் ஒண்ணும் பாக்கலீங்க" என்று சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தண்ணீர்க் குழாயைத் திறந்து இரண்டு கையையும் நன்றாக நனைத்துக் கழுவினேன். டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். கட்லெட்டை எடுத்துக் கடித்தேன், மென்றேன், முழுங்கினேன்.

டீச்சர் ஹாலில் இருந்த அந்தோணி சாருக்குக் குரல் கொடுத்தார். "ஏனுங்க, தை மாசத்துல எந்தத் தேதி சர்ச்சுல காலியா இருக்குதுன்னு ஃபாதருக்குப் போனப் போட்டுக் கேளுங்க. அண்ணன் ஊட்டுல கோயில்லயும் ஒரு நாளு பாக்கோணுமாமா."

நான் அப்படி எதுவும் கேட்கவே இல்லை. ஹாலில் ஜெரின் எதையோ கீழே போட்டு உடைத்தான். நிவேதா அழுதுகொண்டே சிரித்தாள்.

கட்லெட்டில் உப்பு சுத்தமாக இல்லை. இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.